மும்தாஜின் மெனுவும் என் பொறாமையும்

முத்துப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த மும்தாஜ், தன் கம்ப்யூட்டரின் ஸ்டார்ட் மெனுவைப் பயிர்க் காப்பீட்டுக்கு ஒரு வரிசை, சான்றிதழ்களுக்கு ஒரு வரிசை என்று அழகாக அடுக்கியிருந்தாள். எதையும் தேடாமல் திறப்பாள். "அந்தப் பொண்ணுகிட்ட போனா சட்டுனு முடியுதுங்க" என்று என் காதுபடவே சொல்லிவிட்டு, காப்பீட்டுக்குப் பதிய வந்த விவசாயிகள் அவள் பக்கம் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளிடம் கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை. ஒருநாள் காலை, அவள் வருவதற்குள் என் மெனுவையும் அடுக்க உட்கார்ந்தேன். கைரேகை மென்பொருளை வேறு வரிசைக்கு மாற்றும் அவசரத்தில் 'அன்இன்ஸ்டால்' என்பதை அழுத்தி, வந்த கேள்வியையும் படிக்காமல் 'எஸ்' கொடுத்தேன். மென்பொருளே போய்விட்டது!

கைரேகைக் கருவி என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் உண்டு. தில்லைவிளாகத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பென்ஷனுக்காகக் கைரேகை வைத்து உயிர்வாழ் சான்று கொடுக்க வந்துவிட்டார். அன்றுதான் கடைசி நாள். "பென்ஷன் நின்னுடுமாம்மா?" என்று அவர் கேட்டதும், போன மென்பொருளை மெனுவில் மறுபடி மறுபடி தேடினேன்.

அப்போது உள்ளே வந்த மும்தாஜ் அரை மணி நேரத்தில் மென்பொருளை மறுபடி ஏற்றினாள். டீச்சரின் கைரேகை பதிந்தது.

பாதி அடுக்கிய என் மெனுவைப் பார்த்துவிட்டு, "என்கிட்ட கேட்டிருந்தா நானே அடுக்கித் தந்திருப்பேனேக்கா" என்றாள். முதலாளியிடம் அவள் மூச்சுவிடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நல்ல மனதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

இப்போது திரையில் வரும் கேள்வியை முழுதாகப் படிக்காமல் 'எஸ்' கொடுப்பதில்லை. தெரியாததை மும்தாஜிடமே கேட்கிறேன். கேட்கக் கேட்கத்தான் வயிற்றெரிச்சலும் குறைகிறது.