ஆறாம் வருஷம் போகாத செக்கப்

எனக்கு உணவுக்குழாயில் கேன்சர் என்று அறுத்து எடுத்தார்கள். இரைப்பையை மேலே இழுத்து மிச்சக் குழாயோடு சேர்த்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து வேளைக்கு ஒரு கை சோறு. படுத்தால் சாப்பிட்டது மேலே வரும் என்று முதுகுக்கு மூன்று தலையணை. அதெல்லாம் பழகிவிட்டது.

ஐந்து வருஷம் தாண்டினால் எனக்குத் திருப்போரூர் முருகன் கோயிலில் மொட்டை போடுவதாக மனைவி வேண்டியிருந்தாள். தாண்டியது. போட்டோம். சொந்தக்காரர்களை அழைத்துச் சாப்பாடும் போட்டாள். முடிந்தது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் டாக்டரம்மா சொன்னது வேறு.

"பழசு திரும்பி வர்ற பயம் குறைஞ்சிருக்கு. ஆனா நீங்க இத்தனை வருஷம் பீடி, புகையிலை. வாய், தொண்டை, நுரையீரல்னு எங்க வேணாலும் புதுசா வரலாம். வருஷா வருஷம் வந்து காட்டணும்."

"எத்தனை வருஷம்மா?"

"இருக்கிற வரைக்கும்."

வீட்டில் இதைச் சொல்லவில்லை. மொட்டை போட்ட பிறகு செக்கப் போனால் சாமியை நம்பாத மாதிரி ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. பயம்தான். ஆறாம் வருஷம் போகவில்லை.

கேளம்பாக்கம் திருப்போரூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு நாள் நாக்குக்கு அடியில் சொரசொரத்தது. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். மிளகு அளவில் வெள்ளை. பிறகு வண்டி நின்ற இடத்திலெல்லாம் வாயைத் திறந்து பார்த்தேன்.

"அண்ணாத்த, பல்லு எங்கியும் ஓடாது. வண்டிய எடு" என்றாள் பின்னால் இருந்த பூக்காரம்மா.

"பொண்ணு பார்க்கப் போறாரோ இன்னாவோ" என்றாள் பக்கத்தில் இருந்தவள். சிரித்தார்கள். எடுத்தேன்.

ஒரு மாதம் போனது. ரசம் பட்டாலே எரிந்தது. மனைவி என்னை வாசலில் வெளிச்சத்துக்கு இழுத்து வாயைத் திறக்கச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தினி நாளா கீது?"

"ஒரு மாசம்."

"டாக்டராண்ட காட்னியா?"

"அதான் மொட்டை போட்டாச்சே."

"அது பழசுக்குய்யா. இது புதுசு. ஒடம்பு மொத்தத்துக்கும் முருகன் கேரண்டி எய்தி குத்தாரா? சட்டைய மாட்டு."

செங்கல்பட்டில் வாய்க்குள் பழுப்பு மருந்து தடவினார்கள். எரிந்தது. நல்ல இடம் பழுப்பாகும், சந்தேகமான இடம் நிறம் பிடிக்காது என்றார் டாக்டரம்மா. நாக்குக்கு அடியில் பிடிக்கவில்லை. ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார்.

பிறகு தொண்டைக்குள் கேமரா வைத்த குழாயை விட்டார்கள். என் உள்ளே இருப்பதை நானே டிவியில் பார்த்தேன். டாக்டரம்மா கை ஒரு இடத்தில் நின்றது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கை நகர்ந்தது. மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது.

பத்து நாள் ஓட்டினேன். யார் இறங்கினார், யார் ஏறினார் என்று தெரியாது.

ரிசல்ட் வந்தது. நாக்குக்கு அடியில் இருந்தது புதுக் கேன்சர். ஆரம்பம்தான், அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும் என்றார் டாக்டரம்மா.

"தொண்டையில நின்னு பாத்தீங்களே?" என்றேன்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி உள்ள பார்க்கணும்."

நாக்கு ஆபரேஷனுக்கும் இதற்கும் அன்றைக்கே தேதி எழுதிக் கொடுத்தார்கள். மனைவிக்குப் படிக்க வராது. பஸ் ஸ்டாண்டில் சீட்டை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் தேதிகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

சொன்னேன்.