லயத்துக்குப் பின்னால் வந்த ஊற்று

நான் வரையும் படங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. காலையில் பேர் கொடுக்கத் தொப்பை குலுங்கப் பெரட்டுக்கு ஓடும் அப்பா, பீலியடித் தண்ணீர்ச் சண்டையில் குடத்தை ஓங்கி நிற்கும் அம்மா, கோழி பிடிக்கப் போய் நாயிடம் மாட்டிய நான். எல்லாம் கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீட்டில் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கைதான். பதுளையில் குடியேறிய பிறகும் திருவிழாவுக்குத் திருவிழா அங்கே போய் எதையாவது வரைந்துகொண்டு வருவேன். எங்கள் பழைய வீட்டில் இப்போது அக்கா குடும்பம் இருக்கிறது.

இந்த முறை தண்ணீர்ச் சண்டையே இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். லயத்துக்குப் பின்னால், மலை தொடங்கும் இடத்தில் புதிதாக ஓர் ஊற்று வந்திருந்தது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் வந்ததாம். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, சூடம் கொளுத்தியிருந்தார்கள். அக்கா புருஷன் வேளைக்கு வேளை அதில் குளித்தார். சோப்பு நுரையோடு அவர் போட்ட ஆட்டத்தை வரைய உட்கார்ந்தேன்.

தண்ணீருக்கு நீலம் கலந்தேன், ஒத்துவரவில்லை. கொஞ்சம் காவி சேர்த்தேன். இன்னும் சேர்க்க வேண்டியிருந்தது. மழையே இல்லை, ஊற்று மட்டும் சேறாக வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே தேயிலை வரிசையில் ஓரிடம் கீழே இறங்கியிருந்தது. தூரிகையைப் போட்டுவிட்டு அக்கா புருஷனிடம் ஓடினேன்.

"அத்தான், மலை உள்ளுக்குள்ள கரையுது. எல்லாரும் லயத்த விட்டு வெளியாகுங்க."

"சும்மா இரு மாப்ள. ஆத்தா குடுத்தத அபசகுனமா பேசாத."

தோட்டத்து ஆபீசில் சொன்னேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. பதுளைக்கு வந்துவிடச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினேன்.

"காப்புக் கட்டுனப்பறம் எல்லை தாண்டி ராத்தங்குவாங்களா? நான் மட்டும் ஓடி வந்தா, நாளைக்கு என்ன மூஞ்சியோட இவங்க கூட கொழுந்தெடுக்கப் போவேன்?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அக்கா மகளைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டாள்.

"சின்னப்புள்ளைக்குக் காப்பு கணக்கில்ல. இவளக் கூட்டிட்டுப் போ. திருவிழா முடிய வந்து கூட்டிக்கிறேன்."

பதுளைக்குப் போகும் வழியில், பெரகலையில் பஸ் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குக் குளிர்ந்தது. ஸ்வெட்டர் எடுக்கப் பையைத் திறந்தேன். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறவளுக்கு, அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் சப்பாத்தையும் வெள்ளைக் கவுன்களையும் எடுத்து வைத்திருந்தாள்.

பிள்ளையும் பைக்குள் எட்டிப் பார்த்தது.

"மாமா, நான் இனி ஒங்க வீட்டுலயா இருக்கணும்?"