டேட்டாஸ்டோரும் மார்ச் மாதக் கழிவும்

எங்கள் நிர்வாக அதிகாரியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. சமவெளியில் ஏதோ ஓர் அரசுக் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆள்தான். கிடங்கு அவர் தலைக்குள் அப்படியே இருந்தது. கொல்லிமலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன மருத்துவமனைக்கு அவர் வந்தபோது, நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடியப்போகிற சமயம்.

கம்ப்யூட்டர்கள் என்கிறேனே தவிர, இருந்தது ஒரே பெரிய இயந்திரம். அதற்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல ஒரு மென்பொருள் பாவனை செய்யும். மருந்துக்கு ஒன்று, நோயாளிகள் பதிவுக்கு ஒன்று, எக்ஸ்ரே படங்களுக்கு ஒன்று. கையால் தொட முடியாத இந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் கடைசியில் சில கோப்புகள்தான். அவை எல்லாம் இருக்கிற இடம்தான் டேட்டாஸ்டோர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதில் ஓர் அறை. கோப்புகளைப் போட்டு வைக்கிற இடம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப குடோனுங்க. குடோன் சாவி பொறுப்பாளர்கிட்டத்தான் இருக்கோணும்" என்று கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டார்.

எக்ஸ்ரே கம்ப்யூட்டரின் அறையில் மட்டும் ஒரு விவகாரம் இருந்தது. அதன் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன், அன்றிருந்த நிலையை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னார்கள் விற்ற கம்பெனிக்காரர்கள். அதற்குப் பிறகு பழைய பெரிய கோப்பில் எதுவும் எழுதப்படாது. புதிதாக வருவதெல்லாம் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பில் சேரும். பெரியது போனால் சின்னதும் உதவாது. தாங்கள் நேரில் வந்து இரண்டையும் ஒன்றாக்கும்வரை தொடக்கூடாது என்றார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு அவர்களாவது வருவதாவது. வருடம் ஒன்று தாண்டியும் வரவில்லை. இன்னொரு டிஸ்க் வாங்கி அதில் நகல் வைக்கலாம் என்று கேட்டேன். "இருக்கற குடோனே பாதி காலியாக் கெடக்குதுங்க" என்றார் நிர்வாகி.

மார்ச் வந்தால் கிடங்குக்காரர்களுக்குக் கை நமநமக்கும். சரக்கைச் சரிபார்ப்பார்கள், வருடக்கணக்கில் யாரும் தொடாததைக் கழிவில் தள்ளுவார்கள். உடைந்த கட்டிலையும் துருப்பிடித்த தராசையும் கழித்த மகானுபாவர் டேட்டாஸ்டோரையும் விடவில்லை. அன்று யு.பி.எஸ். பேட்டரி வாங்க நான் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கியிருந்தேன். எக்ஸ்ரே கருவி பழுதாகியிருந்ததால் அதன் கம்ப்யூட்டரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்தால் கோப்பை அழிக்க விட்டிருக்காது.

நான் திரும்பியபோது வாசலிலேயே நின்றார். "பெருசா ஒரு கோப்பு, தேதியப் பாத்தா ஒரு வருசமா ஆரும் தொடலீங்க. எடுத்துட்டேன். எவ்வளவு எடம் பாருங்க."

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களும் காலியான இடத்தில் எழுதத் தொடங்கியிருந்தன. அழிந்ததை மீட்கச் சேலத்திலிருந்து வந்தவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அறக்கட்டளைக் கூட்டத்தில் எக்ஸ்ரே படங்கள் போனதைச் சொன்னேன். "பழசுதானே" என்றார் தலைவர். இடம் மிச்சம் பிடித்ததற்காக நிர்வாகிக்குச் சால்வை போர்த்தினார்கள். தலைவரும் அவரும் சேர்ந்து போட்டோவுக்கு வேறு நின்றார்கள்.

கருவி சரியாகி, அதன் கம்ப்யூட்டரையும் புதிதாக அமைத்த பிறகு, மலையிலேயே அரியூர் நாடு என்கிற பகுதியில் மரவள்ளி போடுகிற ஓர் அம்மா இருமலோடு வந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரலில் ஒரு நிழல். முன்பு இங்கே எடுத்த படத்திலும் இதே நிழல் இதே அளவில் இருந்தால் ஆறிப்போன தழும்பு, பயமில்லை. இல்லையென்றால் கட்டியாக இருக்கலாம், சேலத்தில் நெஞ்சைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அந்தப் பழைய படத்தை எடுங்கள் என்றார் என்னிடம். நான் நிர்வாகியைக் கூட்டி வந்தேன். அவர் வாயாலேயே சொல்லட்டும் என்றுதான்.

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "அது ரொம்பப் பழசுங்க டாக்டர், கழிவுல போயிருச்சு. புதுப் படந்தான் நல்லாத் தெளிவா இருக்குதே, அதையே பாருங்க."

டாக்டர் பேனாவைத் திறந்து சேலத்துக்குச் சீட்டு எழுதினார்.

சேலத்தில் நெஞ்சைத் திறந்தார்கள். பழைய தழும்புதான். கிழங்கு பிடுங்கும் பருவத்தில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் அந்த அம்மா எங்களிடம் காட்ட வந்தார். நிர்வாகி எதிரே போய், "ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுபோச்சில்லீங்கம்மா, நல்லதாப் போச்சு" என்றார். இந்த ஆளை நான் அடிக்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தார்.

"சாமி, இப்ப எடுத்த படத்தையாச்சும் எங்கையில குடுத்துருங்க. ஊட்டுல வெச்சுக்கறேன். இங்க இருந்துச்சுன்னா மறுக்காவும் அறுத்துத்தானே பாப்பீங்க."