ரெஜினா அக்காவின் எதிரொலிப் பெட்டி

போன வியாழக்கிழமை காலை ரெஜினா அக்காவின் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. காப்பி குடிச்சுட்டு நாற்காலில சாஞ்சாங்க, அவ்ளோதான்." எண்பத்தெட்டு வயது. படுக்கையில் கிடக்காத சாவு. செஞ்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரெஜினா அக்காவோடு வேலை பார்த்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்தது காதில் ஹெட்போன் மாட்டிய ரெஜினா. கிட்டார் வாசித்த ரெஜினாவைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

அறுபதுகளில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்காவும் அவர் கணவர் சவரிமுத்துவும் கோட்டைக்குள் இருக்கும் பழைய நெற்களஞ்சியத்துக்குப் போவார்கள். நானும் என் மனைவியும் சேர்ந்துகொள்வோம். அக்கா கிட்டார் மீட்ட, சவரி பாடுவார். அந்த வளைந்த கூரைக்கு அடியில் ஒருவர் பாடினால் நான்கு பேர் பாடுவது போலிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில், சிங்கவரத்துக் கழனியில், கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து சவரிக்குத் தொடை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். பாட்டு நின்றது, பேச்சும் குறைந்தது. அக்கா கிட்டாரை எடுத்தால், "வாணாம் ரெஜினா. இங்க பாடினா சத்தம் வாயிலயே செத்துப் போவுது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கால் கூடிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அக்காவின் பயம் காலைப் பற்றியது அல்ல.

"அவரக் களஞ்சியத்துக்குத் தூக்கினு போவ முடியாது கோதண்டம். அந்தச் சத்தத்த வூட்டுக்குக் கொண்டாரலாமான்னு பாக்கறேன்" என்றார் ஒரு நாள், ஆபீசில். பம்பாயில் இருந்த அவருடைய அண்ணன் அனுப்பிய ரேடியோ பத்திரிகையில், ஸ்பிரிங் வழியாக ஒலியைச் செலுத்தி எதிரொலி உண்டாக்கும் கருவியின் படம் ஒன்று இருந்தது. அதில் கேட்டிருந்த சாமான் எதுவும் செஞ்சியில் கிடைக்காது. அக்கா கடைவீதியில் ஜன்னல் திரை மாட்டும் ஸ்பிரிங்கை இரண்டு முழம் வாங்கினார்.

வீட்டில் கிட்டாருக்கு ஒரு பழைய ரேடியோதான் ஆம்ப்ளிஃபயர். அதன் ஸ்பீக்கரிலேயே ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஒட்டி, மறுமுனையை உடைந்த கிராமபோனில் ஊசியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பில் மாட்டி, அதே ரேடியோவுக்குள் திருப்பிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி ஊளையிட்டது. தெருநாய்கள் பதில் சொல்லின. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். கட்டிலில் இருந்து சிரிப்புச் சத்தம். விழுந்த நாளுக்குப் பிறகு சவரி சிரித்தது அன்றுதான். அக்கா ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டே, "பாதி வேல முடிஞ்சிடுச்சு" என்றார்.

மிச்சப் பாதிக்கு மூன்று வாரம் ஆனது. போன சத்தமே திரும்பி வந்து மோதுவதால்தான் ஊளை என்று கண்டுபிடித்தார். வேறொரு சிறிய ஸ்பீக்கரின் காகிதத்தை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் அதிரும் இடத்தில் ஸ்பிரிங்கை ஒட்டினார். எல்லாவற்றையும் ஒரு பலகைப் பெட்டியில் தொங்கவிட்டு அடியில் பஞ்சு வைத்தார். பிக்கப்பில் இருந்து வரும் ஒலிக்கு என் வீட்டு ரேடியோவைத் தூக்கிவரச் சொன்னார். ஒரு ரேடியோவில் கிட்டார், இன்னொன்றில் அதன் எதிரொலி. தெருவில் லாரி போனால் மட்டும் பெட்டிக்குள் இடி இடிக்கும்.

அந்த ஞாயிறு நானும் என் மனைவியும் போயிருந்தோம். அக்கா ஒரே ஒரு தந்தியைத் தட்டினார். ஓட்டுக்கூரை மேலே போய்விட்டது போல இருந்தது. சவரி தலையணையில் இருந்து எழும்பி, "இன்னொரு தபா தட்டு" என்றார். தட்டினார். சவரி தொண்டையைச் செருமிக்கொண்டு மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினார். முதல் அடியில் குரல் பிசிறியது. மூன்றாம் அடிக்குள் பழைய சவரி வந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் நான் கைதட்டப் போனேன். அக்கா கையை உயர்த்தித் தடுத்தார்.

"இரு கோதண்டம். இன்னும் முடியல."

ஸ்பிரிங்கில் கிட்டாரின் கடைசி நாதம் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. நான்கு பேரும் அது அடங்கும்வரை அசையாமல் இருந்தோம். சவரியின் கண்கள் நனைந்திருந்தன. அக்கா பார்க்காதது போல் தந்தியைத் துடைத்தார்.

சவரி நடந்தார், இன்னும் நாற்பது வருடம் பாடினார். ரெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் காத்திருப்பைத்தான். வியாழக்கிழமை ஸ்டெல்லா பேசி முடித்த பிறகும் நான் ரிசீவரை உடனே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா சிரிச்ச மாதிரியே இருக்காங்க மாமா" என்றாள்.