ராஜகோபால் வாங்கிய கேபிள் சுருங்கவில்லை

கௌரியம்மாள் வீட்டுப் பாட்டுப்பெட்டியில் முருகன் நேரில் பேசுகிறார் என்று திருத்தணிக் கடைத்தெருவில் பேச்சு. தெலுங்கில் பேசுகிறார் என்று ஒரு கட்சி. தமிழ்தான், ஜலதோஷம் என்று இன்னொரு கட்சி. சாமிக்கே ஜலதோஷமா என்று விசாரிக்கப் போனேன்.

மலையடிவாரத்தில் பூ விற்பவர் கௌரியம்மாள். பெட்டியில் பக்திப் பாட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று வாயில் கொழுக்கட்டையோடு யாரோ பேசுவது போல் ஒரு குரல். மாடிக்கு ஓடினேன். அடுத்த வீட்டு மாடியில் மைக்கைப் பிடித்தபடி ராஜகோபால்.

விசைத்தறி நெசவாளர். பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, அமெச்சூர் ரேடியோவில் பேசுகிறவர். எதிர்வீட்டுக்காரரிடம் பேச நேரமிருக்காது; பல்கேரியாக்காரரிடம் அங்கே மழையா என்று விசாரிப்பார்.

நெய்யும்போது, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சுருங்கும் என்பதால் துணியைவிட நீளமாகத்தான் பாவு ஓட்டுவார்கள். அதே கணக்கில், ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளும் வெயில் மழையில் சுருங்கும் என்று மூன்று மடங்கு வாங்கிவிட்டார். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு விரற்கடைகூடச் சுருங்கவில்லை. மிச்சம் சுவரேறிக் கௌரியம்மாள் ஜன்னலோரம் படர்ந்து கிடந்தது.

ஆன்டெனா மூங்கிலைக் கட்டியிருந்ததும் அந்தச் சுவரில்தான். "ஆடிக் கிருத்திகைக்குள்ள மூங்கில அவுத்துரு நைனா. செவுரு என்னுது" என்றார் கௌரியம்மாள்.

ராஜகோபால் முகம் செத்துவிட்டது. கிருத்திகைக் கூட்டத்தில் செல்போன் வேலை செய்யாது. கூட்டத்தில் தொலைந்தவர்களைப் பற்றி, அவர்கள் வீட்டுக்குத் தகவல் போகும்படி, சென்னை ரேடியோ நண்பர்களுக்குச் சொல்லும் வேலையை இந்த வருடம்தான் முதன்முதலாக அவரை நம்பிக் கொடுத்திருந்தார்கள்.

"அன்னிக்கு மட்டும் பொறுத்துக்கங்கக்கா."

"அன்னிக்குத்தான் வூடு பூரா சொந்தக்காரங்க. உன் கொரலுக்குக் கற்பூரம் ஏத்திட்டா?"

அரக்கோணத்திலிருந்து ஸ்ரீதர் என்ற ரேடியோ நண்பர் வந்து பார்த்தார். "இன்னாண்ணா இது! நீங்க பேசறது ஆன்டெனாவோட நிக்காம, கேபிள் மேல்தோல் வழியா அவங்க வூட்டுக்கு எறங்கி வந்துகினு கீது. மேல, ஆன்டெனாகிட்ட கொஞ்சத்த வளையமா சுத்துங்க, அத தாண்டி எறங்காது. மிச்சத்த வெட்டுங்க."

"நீளமா இருக்கற பாவ எவனாவது வெட்டுவானா?"

"வேட்டியா நெய்யறீங்க? வெட்டுங்கண்ணா."

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். சுற்றுவதற்கு உருண்டையாக ஏதாவது வேண்டும், இரும்பு ஆகாது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கௌரியம்மாள் உள்ளே போய், மாங்காய் ஊறுகாயைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். "திருப்பித் தரணும், ஆங்!"

டப்பாவில் கேபிளைச் சுற்றி மூங்கில் உச்சியில் கட்டினார்கள். ராஜகோபால் தொண்டை கிழியப் பேசினார். பெட்டியில் பாட்டு மட்டும் ஓடியது. கௌரியம்மாள் முகத்தில் லேசான ஏமாற்றம். ஆனாலும் மூங்கில் நிற்கட்டும் என்றார்.

கிருத்திகையன்று தகவலெல்லாம் ஒழுங்காகச் சென்னை போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையிலேயே சுவருக்கு மேல் கௌரியம்மாள் தலை தெரிந்தது.

"டப்பா எங்க நைனா?"

"அத எறக்குனா மறுபடியும் உங்க பெட்டில பேசுவேன்க்கா. புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்."

"புதுசு எனக்கெதுக்கு? இந்த மூடி அதுக்குத்தான் பொருந்தும்."

போன வாரம் போனபோதும் மூடி அவர் சமையல்கட்டில் இருந்தது. டப்பா மூங்கில் உச்சியில்தான் இருக்கிறது.