விரல் பட்ட இடம்

இன்று காலை பேசாலையிலிருந்து ஓர் அக்கா என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவரின் படம் கையில் இருந்தது.

"இதைப் பார்த்து இன்னொண்டு எடுத்துத் தாங்கோ தம்பி."

எடுத்தேன். முகம் மட்டும் மங்கலாக விழுந்தது.

இது உப்பையும் மணலையும் அள்ளிவரும் கச்சான் காற்றடிக்கும் காலம். லென்ஸில் உப்புப் படிந்திருக்கும் என்று நினைத்தேன். மணலோடு துடைத்தால் கண்ணாடி கீறிவிடும் என்பதால் முதலில் காற்றடித்துத் தூசியைப் போக்கினேன். பிறகு மெல்லிய துணியால் துடைத்து மறுபடி எடுத்தேன். அதே மங்கல்.

மூன்றாம் தடவை துணியைக் கையில் எடுத்தபோது அவர் சொன்னார்: "அது உங்கட கண்ணாடியில இல்லைத் தம்பி. செபமாலை முடிய மாதா படத்தைத் தொட்டுக் கொஞ்சுறனாங்கள். பக்கத்தில இவற்ற படம். பிள்ளையள் அப்பாவையும் தொட்டுக் கொஞ்சுவினம்."

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக இருந்தது. முகம் தேய்ந்து, கண்ணும் மீசையும் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தன.

"வேற படம் இல்லையோ?"

"இல்லை. முழுக்க அழிய முதல் வந்தனான்."

"இனிக் கண்ணாடி போட்டு மாட்டுங்கோ அக்கா. விரல் படாது."

"வேண்டாம். சின்னவளுக்கு அப்பா எண்டா அந்தத் தொடுறதுதான்."

இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன்: ஒன்று தொட, ஒன்று பத்திரமாக வைக்க.

லென்ஸிலும் படத்திலும் விரல் வைக்காதீர்கள் என்று என்னுடைய இதே புகைப்படப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இன்று ஒரு வீட்டுக்கு மட்டும் அந்த அறிவுரையை மீளப்பெறுகிறேன். ஆட்சேபனை உள்ளவர்கள் கீழே எழுதலாம்.