லோகேஸ்வரியின் பிரேக்

கணேஸ்வரன் தன்னந்தனியாக ஒரு மின்சாரக் கார் செய்தான் என்று அசாம் ஜாவா பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுத்தப் பொய். பழைய காரின் இன்ஜினைக் கழற்றி வெளியே போட்டது அவன்தான். பழுதாகிக் கிடந்த, பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டியின் மோட்டாரை அந்த இடத்தில் உட்கார வைத்ததும் அவன்தான். அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓடுகிற வண்டி நிற்க வேண்டாமா? அதை நிற்க வைத்தவள் அவன் பெண்சாதி லோகேஸ்வரி.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். வயரிங் படித்துவிட்டு, ரவாங்கில் ஒரு போர்க்லிப்ட் பட்டறையில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறாள். அங்கே அவள் ஒருத்திதான் பெண். புதிதாக வருகிறவன் இன்னமும் அவளைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்க?" என்றுதான் கேட்பான். அவள் கையிலிருக்கும் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டுவாள். வெளியாள் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். வீட்டு ஆளே அப்படி எட்டிப் பார்த்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இன்ஜினைத் தூக்கிய மறுநாள் கணேஸ்வரன் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். கல்லை மிதித்த மாதிரி இருந்தது.

"என்னா லோகா, பிரேக் செத்துப்போச்சு?"

"பிரேக் சாகலைங்க. அதுக்கு மூச்சு கொடுத்ததைத்தான் நீங்க தூக்கி வெளிய போட்டுட்டீங்க."

பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சும். பிரேக்குக்குப் பின்னால் இருக்கும் வட்டமான டப்பா அந்த உறிஞ்சலை வாங்கி, மிதிக்கிற காலுக்குத் துணையாகத் தள்ளிக் கொடுக்கும். இன்ஜின் போனால் அந்தத் துணையும் போச்சு. அப்புறம் இரண்டு காலையும் ஊன்றி, முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து அழுத்தினால்தான் வண்டி நிற்கும். அவனுக்கு இதெல்லாம் பொறுமையாகக் கேட்க நேரமில்லை. "அப்ப நீயே பாத்துக்க லா" என்று மோட்டார் பக்கம் போய்விட்டான்.

அவளே பார்த்துக்கொண்டாள். இரண்டு மாசம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். காற்றை உறிஞ்ச ஒரு மின்சாரப் பம்பு வாங்கினாள். முதல் பம்பு நிற்காமல் ஓடி எரிந்தது. இரண்டாவதற்கு, உறிஞ்சல் குறைந்தால் தானே ஓடி, நிறைந்தால் தானே நிற்கும் சுவிட்ச் வைத்தாள். பம்பு செத்தாலும் மூன்று மிதிக்குத் தாங்கட்டும் என்று ஒரு சின்ன டாங்கி வைத்தாள். பம்புக்குக் கரண்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் இருவருக்கும் சண்டை. ரேடியோ லைனில் கொடு, வேலை மிச்சம் என்றான் அவன். "ரேடியோ செத்தா பாட்டு நிக்கும். இது செத்தா ஆள் சாவாங்க" என்று சொல்லி, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுத்து, தனிப் பியூஸ் போட்டாள். உறிஞ்சல் குறைந்தால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். அவற்றுக்கு வேறு லைன். ஒரே குறை, பம்பு ஓடினால் கிரைண்டர் ஓடுகிற மாதிரிச் சத்தம். அடியில் ரப்பர் வைத்தும் அடங்கவில்லை.

கார் ஓடியது. அனுமதி வராததால் பெரிய ரோட்டில் ஏற முடியாது; தோட்டத்து ரோட்டில் மட்டும்தான். அதற்கே பத்திரிகைக்காரர் வந்தார், போட்டோ எடுத்தார். லோகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும்போது அவன் சொல்லிக்கொண்டிருந்தான்: "மோட்டாரும் நான்தான், பேட்டரியும் நான்தான், பிரேக்கும் நான்தான் அண்ணே. ஒரு ஆள் கை வைக்கல." கை வைத்தவள் தட்டோடு பக்கத்தில் நிற்கிறாள்!

"பிரேக் நான் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க குறைஞ்சிடும்?" என்று ஆள் போன பிறகு கேட்டாள்.

"நீ வேற, நான் வேறயா லோகா?"

எத்தனை இனிப்பான பதில்! அதை அவன் இரண்டு வருஷமாகச் சொன்னான். போட்டோவும் பேரும் புகழும் அவளுக்கு வேண்டாம். நாலு பேர் முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "பிரேக் என் பெண்சாதி செய்தது" என்று அவன் வாயால் வர வேண்டும். அந்த ஒன்றுக்குத்தான் அவள் காத்திருந்தாள். கேட்டு வாங்கினால் அதற்கு ருசி இருக்காது என்று பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அம்மன் ரதத்தை மின்சாரக் கார்தான் இழுக்கும் என்று கணேஸ்வரன் கோயில் தலைவர் சன்னாசியிடம் பேசி முடித்தான். புகை இல்லை, லோரி வாடகை இல்லை. தலைவருக்குப் பரம சந்தோஷம். லோகேஸ்வரி பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டு இருபத்தோரு நாள் விரதம் இருந்தாள். திருவிழாவுக்கு முந்தின நாள் ரதத்தைப் பூட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். நடை வேகத்தில் அடிக்கொரு தரம் பிரேக் மிதிக்க வேண்டியிருந்ததால் பம்பு விட்டுவிட்டு அலறியது.

"என்னா தம்பி இது, அம்மன் முன்னால ரைஸ் மில்லு மாதிரி? அந்தச் சத்தத்த மொதல்ல நிறுத்து" என்றார் தலைவர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் உறுமி மேளம், நடுவில் பால்குடக்காரர்கள், பின்னால் கார், அதன் பின்னால் ரதம். லோகேஸ்வரி கடைசி வரிசையில், காருக்கு நாலு முழம் முன்னால். அவள் பக்கத்தில் நவமணி. இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். நவமணி சுங்கை ஆயர் தாவாரில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வருஷா வருஷம் இதற்கென்று வருகிறவள்.

அந்தத் தோட்டத்தில் ரதம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும். வீட்டுக்காரர்கள் பால்குடக்காரர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், அர்ச்சனைத் தட்டு கொடுப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள். ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்த வீட்டுக்காரன் வருஷம் முழுக்கப் பேச மாட்டான். லயத்தில் ஆள் இருக்கிற வீடு பதினொன்று. முதல் வீட்டில் கார் நின்றது. பம்பு ஓடவில்லை. டாங்கி நிறைந்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது வீட்டிலும் ஓடவில்லை. மூன்றாவது வீட்டிலும் ஓடவில்லை. குடத்தைத் தலையில் பிடித்தபடி கார்க் கதவுப் பக்கம் போனாள். உள்ளே டேஷ்போர்டு முழுக்கச் செண்டுமல்லி மாலை. சிவப்பு விளக்கு இருந்த இடமே தெரியவில்லை. பஸ்ஸர் வயர் கீழே தொங்கியது.

"ஏங்க, பம்பு ஏன் ஓடல?"

கணேஸ்வரன் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினான். "பியூஸைக் கழட்டிட்டேன். டாங்கியில மூணு மிதி இருக்குன்னு நீதானே சொன்ன?"

"மூணு மிதி முடிஞ்சிடுச்சுங்க! பியூஸைப் போடுங்க!"

"போன்ல லைவ் ஓடுது லா, மானத்த வாங்காத. முன்னால போ."

அவள் அங்கேயே குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். இறக்கவில்லை. பாதி வழியில் குடத்தை இறக்கினால் இருபத்தோரு நாள் விரதம் மண்ணாகிவிடும், ஊர் ஆயிரம் பேசும். இரண்டு நிமிஷம், அடுத்த வீட்டில் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி நடந்தாள். அந்தத் திரும்பலை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நாலாவது வீடு பாரிட் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் இருந்தது. நவமணி வாசலில் நின்று காலை நீட்டினாள். வீட்டுக்காரம்மா குனிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பின்னால் ரதம் தள்ளியது. கணேஸ்வரன் மிதித்தான். மிதி இறங்கவில்லை. அடுத்த கணம் நவமணி பம்பருக்கு அடியில் கிடந்தாள். ரதத்துக்குக் கட்டை போடும் பையன்கள் ஓடிவந்து சக்கரத்தில் கட்டையைச் செருகியதால் உயிர் தப்பியது. தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. லோகேஸ்வரியின் குடம் எப்போது விழுந்ததென்று அவளுக்கே தெரியாது.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவள் பானெட்டைத் திறந்தாள். பியூஸ் இருந்த இடம் காலி. கணேஸ்வரன் வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து பியூஸை எடுத்தான். அவள் கண்ணைப் பார்க்காமல் அதை இருந்த இடத்தில் செருகினான். பம்பு அலறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவன் பானெட்டை மூடினான்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் கூட்டம். நவமணியின் புருஷன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். தலைவர் சன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எப்படி ஆச்சு தம்பி?" என்று கேட்டார்.

கணேஸ்வரன் எழுந்தான். "மோட்டார், பேட்டரி எல்லாம் நான் செஞ்சது தலைவரே. அதுல ஒரு பழுதும் இல்ல. பிரேக் மட்டும் என் பெண்சாதி செஞ்சது. பம்பு, டாங்கி, வயர் எல்லாம் லோகாதான். என்னைக் கை வைக்க விடல."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை, ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது!

"ஆமா, நான்தான் செஞ்சேன்" என்று அவள் எழுந்தாள். "நல்லாத்தான் செஞ்சேன். பியூஸைக் கழட்டினது யாரு? அவரைக் கேளுங்க. சத்தத்தை நிறுத்துன்னு யாரு சொன்னதுன்னும் கேளுங்க, தலைவரே."

சன்னாசி மேல்துண்டைச் சரி செய்தார். "பம்பு ஓடுச்சேம்மா. விழுந்த பிறகு நாங்க எல்லாரும் காதால கேட்டோமே. இத பாரு, புருஷன் பெண்சாதி சண்டையெல்லாம் வீட்டோட வச்சுக்குங்க. இது கோயிலு."

நவமணியின் புருஷன் அவளைத்தான் முறைத்துப் பார்த்தான். கணேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். தலைவர் செயலாளர் விமலனிடம், "எழுதிக்க தம்பி" என்றார். விமலன் கூட்டக் குறிப்பில் நிறுத்தி நிதானமாக எழுதினான்: 'வாகனத்தின் பிரேக்கைச் செய்தவர், திருமதி லோகேஸ்வரி.'